மரித்தோர் கொப்பியில் ஒரு பெயர்

பயிற்சிக் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த ஏழாவது வரியை எழுதியது நான். எழுதினேன் என்பதைவிட வெட்டினேன் என்று சொல்வதுதான் சரி. மரணம் உறுதியாகத் தெரிந்த இடத்தில், குடும்பத்தினர் இழப்பை ஏற்றுக்கொள்ள உதவுங்கள் என்பது ஆங்கில மூலத்தில் இருந்த செய்தி. தமிழில் அது இரண்டு வரிக்கு ஓடியது. அந்தப் பக்கத்தில் மற்ற எல்லாம் ஒவ்வொரு வரியில் அடங்கியிருந்தன. ஏழாவது நீண்டால் கடைசி வரி பத்தாம் பக்கத்துக்குப் போய்விடும். ஒற்றை வரிக்காக இன்னொரு தாள் அச்சடிக்க வேண்டிவரும். முன்பாதியை எடுத்துவிட்டேன். இழப்பை ஏற்றுக்கொள்ள உதவுங்கள். பக்கம் அளவாக முடிந்தது. எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் படித்தவள். அரச நியமனம் வரும்வரை வீட்டில் இருக்க மனமில்லாமல், யாழ்ப்பாண நகரில் உளசமூகப் பணி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்து, அவர்களே நடத்திய ஆறு மாதப் பயிற்சியையும் முடித்திருந்தேன். போர் முடிந்து எத்தனையோ ஆண்டுகள் கடந்தும் நித்திரை வராதவர்களும், பிள்ளையின் உடுப்பை இன்னமும் தோய்த்து மடித்து வைப்பவர்களும் ஒவ்வொரு தெருவிலும் ஒழுங்கையிலும் இருந்தார்கள். அவர்களில் அநேகர் மனநல மருத்துவரிடம் போகமாட்டார்கள். ஆனால் மாதர் சங்கத் தலைவியிடமோ கடற்றொழிலாளர் சங்கச் செயலாளரிடமோ ஒரு கடிதம் எழுதுவிக்கப் போவார்கள். போன இடத்தில் இரண்டு வார்த்தை கூடுதலாகக் கதைப்பார்கள். அந்த இரண்டு வார்த்தையை எப்படிக் கேட்பது என்று தலைவிக்கும் செயலாளருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் எங்கள் வேலை.

உடுப்பிட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, நகரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் ஐந்து நாள் பயிற்சி நடத்தினேன். பதினெட்டுப் பேர். எல்லாருமே என்னைவிட வயதில் மூத்தவர்கள். வடகரைப் பக்கமிருந்து வந்த கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் ஒருவர் முதல் நாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார். "லிஸ்ற் மிஸ் வாறா, கொப்பியை விரியுங்கோ" என்பார். நான் எதையும் இலக்கமிட்டுச் சொல்வதைத்தான் கிண்டல் செய்தார். மூச்சை ஆழமாக இழுத்து விடும் பயிற்சியை நான்கு படிகளாகப் பலகையில் எழுதியபோது, தான் இத்தனை காலமும் மூன்று படியில் மூச்சுவிட்டு உயிரோடு இருப்பது எப்படி என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஆய்வுகூடத்தில் படிகளை மாற்றினால் முடிவு பிழைக்கும். அந்தப் பழக்கத்தை விட எனக்கு விருப்பமும் இல்லை.

மூன்றாவது வரிசையில் குருநகரிலிருந்து ஓர் அக்கா இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். அங்கே ஒரு மாதர் சங்கத்தின் தலைவி. விடியச் சந்தையில் மீன் விற்றுவிட்டு, குளித்து, தலையில் ஈரம் காயாமல் ஒன்பதரைக்கு வந்து சேருவார். நான் சொல்வதில் ஒரு வரி விடாமல் கொப்பியில் எழுதுவார். எழுதி முடிக்காதபோது கையை உயர்த்தி என்னை நிறுத்துவார். பதினெட்டுப் பேரில் ஆகச் சிறந்த பயிலுநர் என்று என் குறிப்பேட்டில் அவருடைய பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன்.

நான்காம் நாள் ஒன்பதாம் பக்கத்துக்கு வந்தோம். ஏழாவது வரியில் அக்கா கையை உயர்த்தினார். ஏற்றுக்கொள்ள உதவுவது என்றால் கையால் செய்கிற காரியம் என்ன என்று கேட்டார். அவரவர் வழக்கத்தில் இருக்கும் ஒரு சிறு சடங்கு உதவும் என்றேன். விளக்கு ஏற்றலாம், பூசை ஒப்புக்கொடுக்கலாம். நான் சைவப் பிள்ளை; கத்தோலிக்கர்கள் பூசை ஒப்புக்கொடுப்பது என்று சொல்வதைக் கொஞ்ச நாளைக்கு முன்தான் அறிந்திருந்தேன். அந்தச் சொல்லை இடமறிந்து போட்டதில் எனக்குள் சிறு பெருமையும் இருந்தது. அவர்களாகச் செய்யத் துணியாவிட்டால் என்று அக்கா திரும்பக் கேட்டார். பக்கத்தில் நின்று துணைசெய்யலாம் என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அது ஒக்டோபர் நடுப்பகுதி. நவம்பர் இரண்டாவது கிழமையில் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. இனித் தான் இந்த வேலைக்கு வரவில்லை என்றும், கையேட்டையும் பயிற்சியில் கொடுத்த பையையும் யாரிடமாவது கொடுத்தனுப்புவதாகவும் சொன்னார். காரணம் கேட்டேன். கதைக்க ஏலாது என்று வைத்துவிட்டார். அன்று பின்னேரமே குருநகருக்குப் போனேன். அக்கா வீட்டு விறாந்தையில் நண்டு வலையை விரித்துப்போட்டு, அறுந்த வலைக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை. எழுதாமல் ஒருவரைக் கேட்டது அந்த வேலையில் எனக்கு அதுதான் முதல் தடவை.

அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நவம்பர் இரண்டாம் நாள் மரித்த ஆன்மாக்களின் நாள். அதற்கு முன் ஒவ்வொரு வீடும் தங்கள் குடும்பத்தில் இறந்தவர்களின் பெயரைக் கொடுக்கும். பெயர்கள் வீடு வீடாகப் பிரித்துக் கோயிற் கொப்பியில் எழுதப்பட்டு, அன்றைய பூசையில் வாசிக்கப்படும். மாதக் கடைசியில் சேமக்காலையில் கல்லறைகளை மந்திரித்து ஆசீர்வதிக்கும்போது இன்னொரு முறை வாசிப்பார்கள். ஒருமுறை கொப்பியில் ஏறிய பெயர் ஒவ்வோர் ஆண்டும் வாசிக்கப்படும்; வீட்டார் பழைய பெயர்களையும் திரும்பச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். பெயரைக் கொடுக்கும் உரிமை அந்த வீட்டாருக்கு மட்டும்தான். அக்கம்பக்கத்தவர் கொடுப்பதில்லை. ஆனபடியால் ஒரு பெயர் வாசிக்கப்பட்டால், இன்னார் போய்விட்டார் என்று அந்த வீடே ஊருக்குச் சொன்னதாகப் பொருள்.

அக்காதான் தன் ஒழுங்கைக்குப் பெயர் சேர்ப்பவர். எழுதத் தெரியாத வீடுகளில் தானே எழுதிக் கொண்டுபோய்க் கோயிலில் கொடுப்பார். முன்வீட்டில் ஒரு மாமி இருக்கிறார். சொந்த மாமி இல்லை. பதினெட்டு வருடமாகச் சந்தையில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் இருந்து மீன் விற்றவர். தராசு அக்காவுடையது, நிறைகற்கள் மாமியுடையவை. மாமியின் ஒரே மகன் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் காணாமற்போனான். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு மாமி ஏறாத அலுவலகம் இல்லை. மரணச் சான்றிதழ் எடுத்துத் தருகிறோம் என்று வந்தவர்களை மூன்று முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு நவம்பரிலும் மாமி கொடுப்பது மூன்று பெயர்கள்: புருஷன், தகப்பன், தாய். அந்த வருடமும் மூன்றுதான் கொடுத்தார்.

நாலாவதை எழுதியது அக்கா.

"அவவின்ரை கையாலை அவவாலை எழுதேலாது எண்டு நினைச்சன்" என்றார் அக்கா. "பக்கத்திலை நிண்டு துணைசெய்யலாம் எண்டு நீங்கள் சொன்னீங்கள். ஒருக்கா அழுது முடிச்சா லேசாகும் எண்டு நினைச்சன்."

மாமி அழவில்லை. பூசையில் தன் வீட்டுப் பெயர்கள் வந்தபோது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று முடிந்து நாலாவதாக மகனின் பெயர் வந்ததும் தலையை நிமிர்த்தினார். வாசிப்பவர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். மாமி குடையை எடுத்துக்கொண்டு பக்கவாசலால் வெளியே போனார். அன்று பின்னேரமே இரண்டு பெண்கள் சீனியும் தேயிலையும் கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி துக்கம் விசாரித்தாள். மற்றவள், கடைசியாக மனந்தேறிப் பெயரைக் கொடுத்தது நல்லது, இனித் தனிப் பூசை எப்போது வைப்பீர்கள் என்று கேட்டாள். மாமி சீனியையும் தேயிலையையும் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அடுத்த நாள் விடியச் சந்தையில் தன் பலகையையும் மீன் பேசினையும் தூக்கிக்கொண்டு சந்தையின் மறுகோடி அந்தலையில் போய் இருந்தார். அன்றிலிருந்து மீனை நிறுக்காமல் கூறு போட்டு விற்கிறார். அக்காவுடன் ஒரு சொல் இல்லை.

அக்கா சொல்லி முடித்ததும் நான் பையிலிருந்து ஆங்கில மூலத்தை எடுத்தேன். ஒன்பதாம் பக்கத்தை அருகில் வைத்து, முன்பாதியில் என்ன இருந்தது என்று சொன்னேன். ஏன் எடுத்தேன் என்பதையும் சொன்னேன். ஒரு தாளை மிச்சம் பிடிக்கத்தான் என்றேன்.

அக்கா இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

"அப்ப நீங்கள் வரியை வெட்டினீங்கள்" என்றார். "நான் பேரை எழுதினன்."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, சேமக்காலை மந்திரிப்பு எப்போது என்று கேட்டேன். இன்னும் பதினாறு நாள் இருந்தது. அதற்குள் அந்தப் பெயர் கொப்பியிலிருந்து வெளியே வரவேண்டும். வராவிட்டால் கல்லறைகளுக்கு நடுவே நின்று மாமி அதை இரண்டாம் முறை கேட்பார், இல்லையென்றால் தன் புருஷனின் கல்லறைக்கே வராமல் விடுவார். அக்கா பயந்தது அதற்குத்தான். இருபது வருடமாக மாமி தவறவிடாத நாள் அது.

இருவருமாகக் கோயிலுக்குப் போகும் வழியில் நான் மனதில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன். ஒன்று, பங்குச் சுவாமியிடம், அதாவது பாதிரியாரிடம், போவது. இரண்டு, பிழையைச் சொல்வது. மூன்று, பெயரை ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் திகதியும் இடுவது. ஆய்வுகூடப் பதிவேட்டில் பிழை வந்தால் அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. ஒற்றைக் கோடு, கையெழுத்து, திகதி. முதல் வருடத்தில் எங்களுக்கு மனதில் ஏற்றிய விதி அது. நாலாவதாக மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்பது.

சுவாமி வேறு ஊரிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார். பிறகு, நாலாவதை முதலாவதாகச் செய்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த அம்மா என்ன கேட்கிறாரோ அதைத் தான் செய்வதாகவும், அவரைக் கேட்காமல் இந்தப் பக்கத்தில் தான் பேனை வைக்கப்போவதில்லை என்றும் சொன்னார். அவரைக் கேட்காமல் பேனை வைத்ததால்தான் நாங்கள் அங்கே நின்றோம் என்பதை அவர் சொல்லவில்லை.

மாமி வீட்டு முற்றத்தில் கணவாய் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கை முழுக்க மை. அக்கா படலைக்கு வெளியே நின்றுவிட்டார். நான் உள்ளே போய் நான் யார் என்று சொன்னேன். கையேட்டைப் பற்றி, வெட்டிய பாதியைப் பற்றி, எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். மாமி கணவாயின் முதுகோட்டை இழுத்து எடுத்து ஒரு பக்கம் வைத்தார்.

"உதை ஏன் எனக்குச் சொல்லுறீர்? நான் புத்தகம் வாசிக்கிற ஆளோ?"

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"அதை வைச்சு நான் என்ன செய்யிறது?" என்றார். சத்தம் உயரவில்லை. "பேரை வெளியிலை எடுங்கோ."

ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையெழுத்து வைப்பதைச் சொன்னேன். மாமி முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"வெட்டுறதோ? என்ரை பிள்ளையின்ரை பேரை வெட்டுறதோ?"

அந்த விதி உலகத்தில் எல்லா ஆய்வுகூடங்களுக்கும் பொருந்தும். அந்த முற்றத்துக்குப் பொருந்தவில்லை. கோடு இழுத்தாலும் கீழே பெயர் தெரியும். மகனின் பெயருக்கு மேலே கோடு கிடக்கும். படலைக்கு வெளியிலிருந்து அக்கா, அந்தப் பக்கத்தைக் கழற்றிவிட்டுத் தான் புதுத்தாளில் முழுவதையும் திருப்பி எழுதித் தருவதாகச் சொன்னார். மாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கேட்டார் என்பது தெரிந்தது, ஏனென்றால் அடுத்ததை அவர் என்னிடம் சொன்னாலும் அது எனக்கு இல்லை.

"எழுதினது ஒருத்தருக்கும் தெரியாது. வாசிச்சதைத்தான் ஊர் கேட்டது. கேட்டவைக்கு முன்னாலை அவவைச் சொல்லச் சொல்லும். நான் குடுக்கேல்லை எண்டு சொல்லோணும்."

நாங்கள் சொல்லத் தயார் என்றும், மகன் உயிரோடு இருக்கிறார் என்ற நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்லலாம் என்றும் நான் சொன்னேன். பயிற்சியில் படித்த ஆறுதல் மொழி அது. மாமி தலையை ஆட்டி மறுத்தார்.

"அவன் இருக்கிறான் எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அது எனக்கும் தெரியாது. தெரியாததை நான் குடுக்கேல்லை. அவ்வளவுதான்."

பிறகு மைக் கையைச் சிரட்டைத் தண்ணீரில் கழுவினார். என்னை இருக்கச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் படலையைத் திறந்து வெளியே வந்தேன். வழியில் அக்கா என்னோடு சந்திவரை நடந்தார். கோயிலில் எழுந்து நின்று சொல்வது தனக்கு எப்படி முடியும் என்று கேட்டார். மாதர் சங்கக் கூட்டங்களில் நூறு பேருக்கு முன் கதைக்கிறவர். ஆனால் இது வேறு. பெயர் சேர்க்கும் பொறுப்பு அவருக்கு அவருடைய தாயிடமிருந்து வந்தது. இதைச் சொன்னபிறகு எந்த வீடு அவரை நம்பிப் பெயர் கொடுக்கும்? சொல்லாமல் விட்டாலும் அந்தக் கேள்வி அப்படியே இருக்கும் என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை பதினெட்டுப் பேருக்கும் மீள்கூட்டம் இருந்தது. வரமாட்டேன் என்றவர் வந்தார். நான் முதலில் என் ஏழாவது வரியைப் பலகையில் எழுதி, வெட்டிய பாதியையும் எழுதி, நடந்ததைச் சொன்னேன். மிச்சத்தை அக்கா தானே சொன்னார். அச்சுவேலியிலிருந்து வந்த சனசமூக நிலையத் தலைவர், தன் கிராமத்தில் ஒருவரிடம் தானும் இதே வரியைச் சொல்லப் போக இருந்ததாகவும், அன்று மழை வந்ததால் போகவில்லை என்றும் சொன்னார். வடகரைச் செயலாளர் அன்று என்னைக் கிண்டல் செய்யவில்லை. அவர்கள் பக்கத்தில் கணவன் காணாமற்போன ஒரு பெண் பொட்டு வைத்துக்கொண்டு கோயிலுக்கு வருவதை ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று கதைப்பதாகவும், அழிக்கச் சொல்லி ஆலோசனை கூறும்படி தன்னிடமே ஆட்கள் வந்ததாகவும் சொன்னார். தான் இன்னும் போகவில்லையாம். இனிப் போகப்போவதும் இல்லையாம்.

பிறகு அக்கா கோயிலில் என்ன சொல்வது என்று எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அக்கா ஒரு தாள் நிறைய எழுதி வந்திருந்தார். தான் நல்ல எண்ணத்தோடு செய்தது, பயிற்சியில் சொன்னது, மாமியோடு பதினெட்டு வருடப் பழக்கம், எல்லாம் அதில் இருந்தது. வாசித்தபோது இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, உதை வாசிச்சா சனம் உனக்குப் பாவம் பாக்கும்" என்றார். "நீ பாவம் வாங்கவோ போறாய்? அந்த மனிசியின்ரை சொல்லைத் திருப்பிக் குடுக்கப் போறாய். குடுத்திட்டு இறங்கு."

"அண்ணை, அப்ப எத்தினை வரி?"

"லிஸ்ற் மிஸ்ஸைக் கேள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்று வரியாக்கினோம். நான்காவதாக மன்னிப்பைச் சேர்க்க வேண்டுமா என்று நெடுநேரம் கதைத்தோம். மாமி அதைக் கேட்கவில்லை, ஆனபடியால் வேண்டாம் என்று அக்காவே முடிவு செய்தார்.

ஞாயிறு காலை நானும் போனேன். பின்னாலிருந்த நீள வாங்கின் ஓரத்தில் இருந்தேன். எப்போது எழுவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் முன்னாலிருந்த பெண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒவ்வொரு முறையும் அரை நொடி பிந்தினேன். மாமி பக்கவாசலுக்குக் கிட்ட இருந்தார். குடை மடியில் இருந்தது.

புதுத்தாள் மாற்றச் சுவாமி உடனே சம்மதித்தாலும், கோயிலில் சொல்வதற்கு முதலில் தயங்கியிருந்தார் என்பதை அக்கா பிறகுதான் சொன்னார். ஒரு பெயரைப் பற்றிக் கோயிலில் கதைத்தால், காணாமற்போனவர்கள் உள்ள வேறு வீடுகளும் கிளறப்படும் என்று அவர் பயந்திருக்கிறார். ஆனாலும் பூசை முடிவில் அறிவித்தல்கள் வாசிக்கும் நேரத்தில் அக்காவை அழைத்தார். அக்கா ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றார். கையில் தாள் இருக்கவில்லை.

தன் ஒழுங்கையில் தன்னுடைய முன்வீட்டுப் பெயர்களில், அன்று வாசித்த நாலாவது பெயரை அந்த வீட்டார் கொடுக்கவில்லை என்றார். அதைக் கேட்காமல் எழுதியது தான் என்றார். அந்த வீட்டார் கொடுத்தவை மூன்று பெயர்கள், கொப்பியில் இப்போது இருப்பவையும் அந்த மூன்றுதான் என்றார். மகனின் பெயரை அவர் அங்கே சொல்லவில்லை. அது நாங்கள் திட்டமிட்டதில்லை, அவராகச் செய்தது. சொல்லிவிட்டு இறங்கி வந்து தன் இடத்தில் இருந்தார். அவருடைய கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காமலிருக்க எல்லாரும் முயன்றது பின்னாலிருந்த எனக்கு நன்றாகத் தெரிந்தது.

பூசை கலைந்ததும் சுவாமி எதிர்பார்த்ததுதான் நடந்தது, ஆனால் அவர் பயந்த விதமாக இல்லை. ஐந்தாறு பெண்கள் வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். தங்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார்கள். சுவாமி கொப்பியைக் கொண்டுவந்து பக்கவாசலடி மேசையில் வைத்தார். அவர்களில் இரண்டு பேருக்கு வாசிக்கத் தெரியாது, இன்னொருத்தி கண்ணாடி கொண்டுவரவில்லை. வழக்கத்தில் அக்காதான் வாசித்துச் சொல்வார். அன்று அக்கா மேசைக்குக் கிட்ட வரவில்லை. மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் தள்ளி நின்றார். அவரை ஒருத்தரும் கூப்பிடவும் இல்லை. அவர் பயந்திருந்தது அதைத்தான். எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

சுவாமி என்னைக் காட்டினார். வெளியாள், எந்த வீட்டையும் தெரியாதவள், பிழையாக வாசிக்கக் காரணமில்லாதவள். நான் கதிரையில் இருந்தேன்.

வரிசையில் முதலாவதாக மாமி நின்றார். அவர் மேசைக்கு வந்தபோது மற்றவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். நான் புதுத்தாளைக் கண்டுபிடித்தேன். அக்காவின் கையெழுத்து, பயிற்சிக் கொப்பியில் பார்த்த அதே உருண்டை எழுத்து. வீட்டுப் பெயரை வாசித்தேன். புருஷனின் பெயர், தகப்பனின் பெயர், தாயின் பெயர். நிறுத்தினேன்.

"பேந்து?"

"பேந்து இல்லை, மாமி."

"இன்னொருக்கா வாசியும்."

வாசித்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு விரலை மடித்தார். மூன்றாவது விரலோடு கை நின்றது. பிறகு கண்ணைத் திறந்து, விரலால் தாளில் மூன்றாவது பெயருக்குக் கீழே தொட்டார். எழுத்துத் தெரியாது, ஆனால் வரியை எண்ணியிருந்தார்.

"இதுக்குக் கீழை என்ன இருக்கு?"

"அடுத்த வீடு, மாமி."

மாமி தலையசைத்தார். குடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். மெழுகுதிரி ஏற்றும் இடத்தைக் கடந்துதான் அவர் வெளியே போகவேண்டும். அக்கா ஒதுங்கி வழிவிட்டார். மாமி நின்றார். சேமக்காலைக்கு எத்தனை மணிக்கு என்று அக்காவிடம் கேட்டார். மூன்றரைக்கு என்றார் அக்கா. பூவுக்கு நேரத்தோடு சொல்லிவைக்க வேண்டும், போன வருடம் வாடினதைத் தந்துவிட்டான் என்றார் மாமி. "ஓம் மாமி" என்றார் அக்கா. மாமி படியிறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

என் மேசைக்கு அடுத்த பெண் வந்து நின்றாள். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவளாக இருப்பாள். கொப்பியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டியிருந்தாள். தன் வீட்டுப் பக்கத்தைச் சொன்னாள். நான் தாள்களைப் புரட்டினேன். அவள் காணாமற்போன தன் அண்ணனுடைய பெயரை என்னிடம் மெதுவாகச் சொல்லி, அது அதில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னாள். சத்தமாக வாசிக்க வேண்டாம், இருந்தால் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்றாள்.

நான் பக்கத்தை மேலிருந்து கீழே, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் பார்க்கத் தொடங்கினேன்.